ஒரு கட்டு ஏ4 தாளும் என் கழுத்தும்

மெய்ப்பு பார்ப்பதும் பக்கம் கட்டுவதும் என் தொழில். அச்சகங்களில் பல வருடம் உட்கார்ந்து செய்த வேலை, 2020 ஊரடங்கோடு திருச்சியில் என் வீட்டுக்கே வந்துவிட்டது. பதிப்பகத்திலிருந்து கோப்பு வரும். திருத்தி, இன்டிசைன் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கமாக்கித் திருப்பி அனுப்புவேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் திரைக்கு முன்னால்தான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்றால், எங்களுக்கு அக்டோபரிலிருந்தே பத்து மணி நேரம் ஆகிவிடும்.

முதல் மூன்று வருடம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துத்தான் வேலை. கழுத்து வலி என்று நான் சொல்லவே இல்லை. தோள் வலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வலது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, ரவிக்கையின் தையல் வருகிற இடத்தில், கட்டைவிரலால் அழுத்தினால் பட்டாணி மாதிரி ஒரு முடிச்சு தட்டுப்படும். சாயங்காலம் ஆனால் அங்கிருந்து பின்மண்டைக்கு ஏறும். ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பேன். காலையில் சரியாகியிருக்கும். பதினோரு மணிக்கு மறுபடி வந்துவிடும். தைலம் வலியைத்தான் ஆற்றியது. வலியை உண்டாக்கிய விஷயம் மேசை மேலேயே இருந்தது.

லேப்டாப்பின் கோளாறு அதன் வடிவத்திலேயே இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் திரை நெஞ்சுக்குக் கீழே போய்விடுகிறது. கண்ணுக்கு வசதியாகத் தூக்கினால் கை தோள் உயரத்துக்கு வந்துவிடுகிறது. நாம் கையைத்தான் கவனிப்போம், ஏனென்றால் கை உடனே வலிக்கும். கழுத்து பொறுத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும். நியூயார்க்கில் முதுகெலும்பு அறுவை மருத்துவரான கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டார். நிமிர்ந்திருக்கும்போது தலையின் எடை 5 கிலோ அளவுதான். 15 பாகை குனிந்தால் கழுத்தெலும்பில் இறங்கும் சுமை 12 கிலோ ஆகிறது, 60 பாகை குனிந்தால் 27 கிலோ. கணினி மாதிரியில் போட்ட கணக்குதான், ஆளை வைத்து அளந்தது அல்ல. ஆனாலும் ஒரு அரிசிச் சிப்பத்தைப் பிடரியில் வைத்துக்கொண்டு ஒற்றுப்பிழை தேடிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு என்னவோ போலானது.

சரி, தனியாக ஒரு மானிட்டர் வாங்கிவிடுவோம் என்று 24 அங்குலத்தில் ஒன்று வாங்கினேன். கூடவே தனி விசைப்பலகை, மவுஸ். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று எங்கே பார்த்தாலும் படம் போட்டிருந்தார்கள். டேப்பை எடுத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து மகளை அளக்கச் சொன்னேன். கண்ணுக்கும் திரை விளிம்புக்கும் 5 செ.மீ. வித்தியாசம் வந்தது. வீட்டில் ஏ4 தாள்கட்டுக்குப் பஞ்சமில்லை. 500 தாள் உள்ள ஒரு கட்டு சரியாக 5 செ.மீ. கனம் இருக்கும். ஒரு கட்டை மானிட்டருக்கு அடியில் கொடுத்தேன். படத்தில் இருந்த மாதிரியே அமைந்துவிட்டது.

பத்தே நாளில் வலி அதிகமானது. அதுவும் புதிய இடத்தில், கழுத்தும் மண்டையும் சேருகிற பள்ளத்தில். கண் வேறு எரிந்தது. காசு செலவழித்து வலியை வாங்கிவந்த மாதிரி இருந்தது எனக்கு.

விஷயத்தைப் பிடித்தவள் மகள்தான். நான் வேலையில் மூழ்கியிருந்தபோது பக்கவாட்டில் நின்று போனில் ஒரு படம் எடுத்தாள். "நீ ஏம்மா ஆகாசத்தைப் பார்க்கற மாதிரி உட்கார்ந்திருக்க?" என்று காட்டினாள். பார்த்தேன். முதுகு கூன் போட்டிருக்கிறது, தலை முன்னால் நீண்டிருக்கிறது, தாடை மட்டும் மேலே தூக்கியிருக்கிறது. மூக்குக் கண்ணாடியின் அடிப்பகுதி வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வயது 48. இரண்டு வருடமாக புரோகிரசிவ் கண்ணாடி. அதில் மேல்பகுதி தூரத்துக்கு, அடிப்பகுதி படிக்க. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான பட்டை, அதுதான் கை நீட்டும் தூரத்துக்கு. திரை அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. திரையின் மேல்வரியைக் கண்ணுக்கு நேராக வைத்தால், அதை நான் தூரப்பார்வைப் பகுதி வழியாகப் பார்க்க வேண்டியிருக்கும். எழுத்து மங்கும். மங்கினால் நம்மை அறியாமலே தாடை மேலே போகும், தெளிவாகத் தெரிகிற பட்டை கிடைக்கிற வரை போகும். ஒரு தடவை தூக்கினால் ஒன்றுமில்லை. எனக்கு எட்டு மணி நேரம் தூக்கியபடியே நின்றிருக்கிறது. எல்லோரும் போட்ட படம் தப்பில்லை. புரோகிரசிவோ பைஃபோக்கலோ போடாதவர்களுக்கு அது சரி. எனக்குத்தான் பொருந்தவில்லை.

அளந்ததிலும் ஒரு தப்பு இருந்தது. மகள் டேப்போடு நின்றதும் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் வேலை செய்த பிறகு அளந்து பார்த்தால் கண் 3 செ.மீ. இறங்கியிருந்தது. வேலை செய்து களைத்த பிறகு எப்படி இருக்கிறோமோ அப்போதுதான் அளக்க வேண்டும்.

அன்றைக்கே தாள்கட்டை உருவினேன். திரை 5 செ.மீ. இறங்கியது. மேல்விளிம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தேன். தாடை இறங்கிவிட்டது, ஒரு வாரத்தில் அந்தப் பள்ளத்து வலியும் குறைந்தது. ஆனால் தோள் முடிச்சு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் பிசியோதெரபி செய்கிற ஒரு அம்மாவிடம் போனேன். நல்ல அனுபவசாலி. கழுத்தைத் தொடுவதற்கு முன்பே, "மேசை எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அளந்தால் 75 செ.மீ. பெரும்பாலான மேசைகள் 73-லிருந்து 76-க்குள் இருக்கும். நான் 154 செ.மீ. உயரம். நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்கார்ந்தால், தொங்கவிட்ட கையின் முழங்கை தரையிலிருந்து 61 செ.மீ.தான் வருகிறது. மேசைக்கும் முழங்கைக்கும் 14 செ.மீ. வித்தியாசம்! அந்த 14 செ.மீ.யை என் தோள்தான் தூக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது. மவுஸ் பிடிக்கிற வலது தோள் அதிகமாகத் தூக்கியது. முடிச்சு வலது பக்கம் வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நாற்காலியை ஏற்றினால் கால் தொங்கும், தொடையின் அடிப்பகுதி மரத்துப்போகும். அதனால் அந்த வித்தியாசத்தைப் பாதி மேசையில், பாதி நாற்காலியில் என்று பிரித்துக்கொண்டேன். வீட்டில் இழுப்பறை இல்லாத பழைய மரமேசை ஒன்று கிடந்தது. ஆசாரியைக் கூப்பிட்டேன். "அம்மா, வெட்டினா மறுபடி ஒட்ட முடியாதுங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்துத்தான் சொன்னேன். நான்கு காலிலும் 8 செ.மீ. எடுத்தார். மேசை 67-க்கு வந்தது. நாற்காலியை 47-இல் வைத்தேன். முழங்கை 69-இல் வந்து நின்றது, விசைப்பலகையின் மேல்பரப்பும் அதே உயரம். பாதத்துக்கு அடியில் மணைப்பலகை. கல்யாணச் சீராக வந்து, பரணில் தூசி படிந்து கிடந்த மணை. 7 செ.மீ. உயரம், எனக்கென்றே செய்த மாதிரி பொருந்தியது.

இழுப்பறை உள்ள மேசையை வெட்டாதீர்கள், தொடை இடிக்கும். வாடகை வீட்டு மேசை, இரும்பு மேசை என்றால் நாற்காலியை ஏற்றிக் காலுக்குப் பலகை கொடுப்பதுதான் வழி. உயரமானவர்களுக்கு இந்த அளவெல்லாம் பொருந்தாது, 180 செ.மீ. ஆளுக்கு அதே 75 செ.மீ. மேசை இவ்வளவு உயரமாகத் தெரியாது. எப்படியானாலும் தோளைத் தளர்த்திக் கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மட்டும் மடக்கிப் பாருங்கள். விரல் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே விசைப்பலகை இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் வரிசை எனக்குப் புரிந்தது. நான் திரையில் ஆரம்பித்து நாற்காலியில் முடித்தேன். முதலில் நாற்காலியும் மேசையும் நிலைக்கு வர வேண்டும், ஏனென்றால் கண் எந்த உயரத்தில் இருக்கப்போகிறது என்று முடிவு செய்வது அவைதான். அப்புறம் கண்ணாடி, அப்புறம் எழுத்தின் அளவு. திரையின் உயரமும் தூரமும் கடைசியில். திரையை முதலில் நிறுத்திவிட்டு நாற்காலியை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.

கண்ணாடிக் கதைக்கு வருகிறேன். புரோகிரசிவ் வாங்கும்போது என்ன வேலை செய்கிறேன் என்று கடையில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்தத் தடவை டேப்பால் அளந்த தூரத்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன், கண்ணிலிருந்து திரைக்கு 65 செ.மீ. என்று. புத்தகம் படிக்கிற தூரம் 40 செ.மீ. அளவு. இரண்டுக்கும் பவர் வேறு. பரிசோதித்தவர் என்னை ஒரு மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, அட்டையை 65 செ.மீ.யில் பிடித்துப் பார்த்து, அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரே பவரில் ஒரு கண்ணாடி எழுதிக்கொடுத்தார். வேலைக்கு மட்டும்தான் அது. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் பஸ் நம்பர் மங்கலாகத்தான் தெரியும். ஆனால் திரையின் நான்கு மூலையும் ஒரே தெளிவு. தாடையைத் தூக்க வேண்டிய அவசியமே போய்விட்டது. நான் செலவழித்ததில் உருப்படியான செலவு இதுதான். மானிட்டரைவிடவும்.

எழுத்தின் அளவைப் பற்றி தமிழில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் எழுத்தில் வித்தியாசங்கள் ரொம்பச் சின்னவை. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண. குறில் கொம்பு, நெடில் கொம்பு. மேலே இருக்கிற புள்ளி. இதில் எனக்குப் பெரிய தலைவலி, ரகரத்துக்குப் பதில் துணைக்கால் போட்டு வரும் கோப்புகள். 'அவர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அவா்' என்று இருக்கும். அடியில் ஒரு சின்னச் சாய்வுக்கோடு இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். எழுத்துருவைப் பொறுத்து அதுவும் தெரியாது. அந்தக் கோட்டைத் தேடி நான் திரைக்குள் புகுந்துவிடுகிற மாதிரி முன்னால் சாய்வேன். மகள் எடுத்த படத்தில் தலை முன்னால் நீண்டிருந்தது அதனால்தான்.

கண் தேடுகிற இடத்துக்குக் கழுத்து பின்னாலேயே போகிறது. நிமிர்ந்து உட்கார், நிமிர்ந்து உட்கார் என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூட ஐந்து நிமிடம் தாங்கியதில்லை. எழுத்தைப் பெரிதாக்கிய அன்றைக்கு, யாரும் சொல்லாமலே முதுகு நாற்காலியில் போய்ச் சாய்ந்தது. இன்டிசைனில் பக்கம் முழுக்கத் தெரியும்படி வைத்துத் திருத்துவதை விட்டேன், அரைப் பக்கம் மட்டும் தெரியும்படி பெரிதாக்கித்தான் படிக்கிறேன். பக்க அமைப்பைப் பார்க்க மட்டும் முழுப் பக்கம். வின்டோஸில் எல்லாமே 125 சதவீதம். எவ்வளவு பெரிதாக்குவது என்பதற்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை இது. முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி ன, ண இரண்டையும் சிரமமில்லாமல் பிரித்தறிய முடிய வேண்டும். அப்புறம் நாற்காலியை இன்னும் அரை அடி பின்னால் தள்ளிப் பார்ப்பேன். அங்கிருந்தும் தெரிந்தால் சாயங்காலம் கண் களைத்த பிறகும் அந்த அளவு தாங்கும்.

இதெல்லாம் முடிந்தபின் திரைக்குத் திரும்பினேன். மேசை தாழ்ந்துவிட்டதால் என் கண் இப்போது மேசைப்பலகையிலிருந்து 50 செ.மீ. மேலே இருந்தது. திரையின் மேல்விளிம்பு 40-இல். ஒற்றைப் பவர் கண்ணாடி வந்துவிட்டதால் அவ்வளவு தாழ்வாக வைக்க வேண்டியதில்லை. உருவிப்போட்ட தாள்கட்டு மறுபடி மானிட்டருக்கு அடியில் போனது! மேல்விளிம்பு கண்ணுக்கு 5 செ.மீ. கீழே, திரையின் நடுப்பகுதி ஒரு சாண் கீழே. கண் இயல்பாக இளைப்பாறுவது கொஞ்சம் கீழ்நோக்கித்தான். இமை பாதி மூடியிருப்பதால் கண் காய்வதும் குறைகிறது. தாள்கட்டில் எனக்குப் பிடித்த விஷயம், நூறு தாள் எடுத்தால் ஒரு செ.மீ. இறங்கும். பெட்டியோ பழைய அகராதியோ வைத்தால் இந்த நுணுக்கம் வராது. இடம் உறுதியான பிறகு மரக்கட்டை செய்துகொள்ளலாம். சுவரிலோ மேசை விளிம்பிலோ மாட்டுகிற ஸ்டாண்டு வாங்குவதானால், மானிட்டரின் முதுகில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். துளைகளின் இடைவெளி பெரும்பாலும் 75 மி.மீ. அல்லது 100 மி.மீ.

ஜன்னலால் இன்னொரு வேலை இருந்தது. மேற்குப் பார்த்த ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால். மூன்று மணிக்கு மேல் வெயில் திரையில் விழும், நான் தலையை இடது பக்கம் ஒருக்களித்துக்கொண்டு அந்த வெளிச்சத்துக்கு ஒதுங்கிப் படிப்பேன். இதுவும் எனக்குத் தெரியாமலே நடந்ததுதான். திரையை அணைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியில் என்னென்ன தெரிகிறது என்று பார்த்தால் போதும், எது எங்கிருந்து உறுத்துகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு ஜன்னலும் தெரிந்தது, டியூப் லைட்டும் தெரிந்தது. மேசையைத் திருப்பி ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி போட்டேன். ஜன்னலைப் பார்த்தபடி போட்டாலும் ஆகாது, கண் கூசும். வெளிச்சத்தின் அளவுக்கு ஒரு வெள்ளைத்தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடிப்பேன். தாளை வைத்துப் பார்க்கும்போது திரை விளக்கு மாதிரி எரிந்தால் அதிகம், சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் குறைவு.

மின்விசிறியைச் சொல்லாமல் விட முடியாது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. நம் ஊர் உஷ்ணத்தில் விசிறி இல்லாமல் உட்காரவும் முடியாது. டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வைத்திருந்தேன். காலுக்குத் திருப்பிவிட்டேன், எரிச்சல் பாதி போனது.

அச்சுப்படியைப் பார்த்துத் திருத்தம் போடுகிற நாட்கள் வேறு விதம். தாள் இடது பக்கம் மேசையில் படுத்திருக்கும், திரை எதிரே நிற்கும். ஒரு வரிக்கு இரண்டு தடவை தலை குனிந்து திரும்பும். ஒரு பக்கத்துக்கு முப்பது வரி. தாத்தா கம்பராமாயணம் படிக்க வைத்திருந்த சிக்குப்பலகை அம்மா வீட்டில் இருந்தது. ஒரே மரத்தில் குடைந்து, இரண்டு பலகையும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி விரியுமே, அது. அதை வாங்கிவந்து விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே வைத்து, தாளை அதில் நிறுத்தினேன். இப்போது தலை திரும்புவதில்லை, கண் மட்டும் ஏறி இறங்குகிறது. அம்மாவுக்கு இதில் ரொம்பச் சந்தோஷம்.

எவ்வளவு சரியாக அமைத்தாலும் அசையாமல் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். மணி பார்த்துச் செய்ய எனக்கு வரவில்லை. எட்டுப் பக்கம், அதாவது அச்சுக் கணக்கில் அரை ஃபாரம், முடிந்தால் எழுந்துவிடுவேன். ஜன்னல் வழியாக எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்ப்பேன், தண்ணீர் குடிப்பேன். அந்த பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி தாடையை நேர்பின்னால் இழுத்து ஐந்து எண்ணி விடுவேன். தண்ணீர்ச் சொம்பை வேண்டுமென்றே சமையலறையில் வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கவனமாகக் கேளுங்கள். வலி தோளைத் தாண்டி கை வழியே இறங்கினாலோ, விரல் மரத்துப்போனாலோ, டம்ளர் பிடிக்கும்போது பிடி நழுவினாலோ, மேசையையும் தாள்கட்டையும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள். அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம்.

எனக்கு இதெல்லாம் சரியாகி ஒன்றரை வருடம் ஆகிறது. முடிச்சு முழுக்கக் கரைய மூன்று மாதம் எடுத்தது. புத்தகக் காட்சி நேரத்தில் இப்போதும் லேசாகத் தலைகாட்டும், போய்விடும்.

போன வாரம் தஞ்சாவூரிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். அலுவலகத்தில் புது மானிட்டர் கொடுத்திருக்கிறார்களாம், வந்ததிலிருந்து பின்மண்டை விண்விண்ணென்று தெறிக்கிறதாம். "அண்ணி, நீங்க என்ன தைலம் போட்டீங்க?" என்று கேட்டாள். தைலம் இருக்கட்டும், நீ வேலையில் இருக்கும்போது பக்கத்து சீட்டில் இருப்பவரைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல் என்றேன். மத்தியானம் வந்தது. மானிட்டருக்கு அடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. தாடை மேலே. உடனே கூப்பிட்டேன்.

"உன் கண்ணாடி புரோகிரசிவா?"

"ஆமாம் அண்ணி, தீபாவளிக்குத்தான் மாத்தினேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"முதல்ல அந்தப் பெட்டியை எடு" என்றேன்.